மிதக்காத கப்பல்ல ரெஸ்டாரண்ட்: ரெனவேஷன் பண்றவங்களுக்கு ஒரு கைடு

அமெரிக்காவுல ஃப்ளோரிடாவுல, ஓர்லாண்டோ பக்கம் வால்ட் டிஸ்னி வேர்ல்ட் ரிசார்ட்டுக்குள்ள இருக்குற டிஸ்னி ஸ்பிரிங்ஸ்ங்கற கடைவீதிக்கு போயிருக்கீங்களா? அங்க ஏரி ஓரத்துல மூணு அடுக்கா ஒரு கப்பல் நிக்கும், பின்னாடி பெரிய சக்கரம் எல்லாம் வச்சு, இப்ப அதுக்கு பேர் பேடில்ஃபிஷ். சின்ன பசங்க அதுக்கு முன்னாடி நின்னு "இது எப்பப்பா கெளம்பும்"னு கேட்டுட்டே இருக்கும். கெளம்பாது. 1977 மே 1ம் தேதி தொறந்ததுல இருந்து ஒரு இன்ச் நகர்ந்தது இல்ல, ஏன்னா அது கப்பலே கிடையாது, தண்ணிக்குள்ள கான்கிரீட் ஃபவுண்டேஷன் போட்டு அது மேல எழுப்பின கட்டடம். வால்ட் டிஸ்னியோட மனைவி லில்லியன் பேர்ல 'எம்ப்ரஸ் லில்லி'ன்னு வச்சாங்க, தொறப்புவிழாவுக்கு அந்தம்மாவே வந்திருந்தாங்க.

இந்த ஒரு கட்டடத்தை ரெண்டு தடவ அக்கு வேற ஆணி வேறயா பிரிச்சு மாத்தியிருக்காங்க. 1995 ஏப்ரல்ல மூடி, லெவி ரெஸ்டாரண்ட்ஸ்ங்கற கம்பெனி எடுத்து, 1996 மார்ச்ல ஃபுல்டன்ஸ் கிராப் ஹவுஸ்னு தொறந்தாங்க. அப்புறம் 2016ல மறுபடி மூடி 2017 பிப்ரவரியில பேடில்ஃபிஷ் ஆச்சு. நான் இந்த ஊர் பக்கம் ரெஸ்டாரண்ட் ரெனவேஷன் சைட்கள்ல சூப்பர்வைசர் வேலை பாக்குறவன், இந்த கப்பல்ல நான் வேலை பாக்கல, ஆனா இதே மாதிரி தண்ணி ஓரத்துல ஒரு இடம் பண்ணி நல்லா அடி வாங்கியிருக்கேன், பேர் வேணாம். அந்த அனுபவத்தையும், இந்த கப்பலை போகும்போதெல்லாம் கஸ்டமர் மாதிரி உக்காந்து நோட்டம் விட்டதையும் வச்சு எழுதுறேன். தீம் பார்க் ரிசார்ட்ல ரிவர்போட் செட்டப்ல, அதாவது ஆத்துல ஓடுன பழைய நீராவி சக்கரக் கப்பல் மாதிரி, ஒரு ரெஸ்டாரண்ட் உங்க கைக்கு வந்தா எங்க ஆரம்பிக்கணும், எங்க காசு போடணும், எங்க ஏமாந்துடுவோம், இதுதான் விஷயம்.

மொத கேள்வி: இது மிதக்குதா, நிக்குதா?

சிரிக்காதீங்க, எல்லாமே இதுல இருந்துதான் ஆரம்பம். நிஜமாவே மிதக்குற படகுன்னா அது வேற உலகம், அடிப்பாகம் செக் பண்ணணும், கட்டுற கயிறு, பம்பு, ஏறும்போது ஆடுறது, கரைக்கும் படகுக்கும் நடுவுல வர்ற பைப் எல்லாம் வளைஞ்சு கொடுக்கணும், அந்த பக்கம் நான் போகல. எம்ப்ரஸ் லில்லி மாதிரி நிக்கிற ஆளுன்னா சட்டப்படி அது ஒரு கட்டடம், சுமார் 220 அடி நீளம் 62 அடி அகலத்துக்கு ஒரு ஹோட்டல் கட்டடம், அவ்வளவுதான். ஆனா ஈரம் மட்டும் கப்பலுக்கு இருக்குற அதே ஈரம். கட்டடத்தோட ரூல்ஸ் எல்லாமும் உண்டு, கப்பலோட வியாதி எல்லாமும் உண்டு, ரெண்டு பக்கமும் அடி வாங்குற மத்தளம்.

பெர்மிட் விஷயத்துல இந்த ஊருக்குன்னு ஒரு தனி கதை இருக்கு. வால்ட் டிஸ்னி வேர்ல்ட் இருக்குற நிலத்துக்கு சாதாரண கவுன்ட்டி பில்டிங் ஆபீஸ் கிடையாது. 1967ல இருந்தே ரீடி கிரீக்னு ஒரு ஸ்பெஷல் டிஸ்ட்ரிக்ட் இருந்துச்சு, 2023ல அது சென்ட்ரல் ஃப்ளோரிடா டூரிசம் ஓவர்சைட் டிஸ்ட்ரிக்ட்னு பேர் மாறிடுச்சு, பில்டிங் பெர்மிட், இன்ஸ்பெக்ஷன் எல்லாம் அவங்க கையில, எப்காட் பில்டிங் கோடுன்னு சொந்தமாவே ஒரு ரூல் புக்கு வச்சிருக்காங்க. அது போக ரெஸ்டாரண்ட் லைசென்ஸுக்கு ஃப்ளோரிடா ஸ்டேட்டோட ஹோட்டல்ஸ் அண்ட் ரெஸ்டாரண்ட்ஸ் டிவிஷன் கிச்சன் பிளானை பாக்கும். இதுக்கெல்லாம் முன்னாடி நிலத்துக்காரன், அதாவது ரிசார்ட், உங்க டிசைனை பாத்து தலையாட்டணும். ஆக மூணு வாசல். மூணு பேர்கிட்டயும் ஒரே டிராயிங் போகணும், ஒருத்தர் ஒரு மாத்தம் சொன்னா மத்த ரெண்டு பேருக்கும் அன்னைக்கே அனுப்பிடணும். நாங்க ஒரு தடவ நிலத்துக்காரர் கேட்டார்னு வெளிக்கதவை ரெண்டடி தள்ளி வச்சோம், பெர்மிட்டுக்கு குடுத்த டிராயிங்ல மாத்த மறந்துட்டோம், இன்ஸ்பெக்டர் டேப்பை வச்சு அளந்து பாத்துட்டு ஒண்ணுமே பேசாம கெளம்பி போயிட்டார். மூணு வாரம் போச்சு.

ஷெட்யூல் பத்தி ஒரே வார்த்தை: "மூணு மாசத்துல முடிச்சிடலாம்"னு யார் சொன்னாலும் நம்பாதீங்க. 1995-96ல கிட்டத்தட்ட 11 மாசம் ஆயிருக்கு. ஜூன் 1ல இருந்து நவம்பர் 30 வரைக்கும் புயல் சீசன், அந்த நேரத்துல கூரையை தொறந்து போட்டுட்டு நிக்கக்கூடாது. 2016 அக்டோபர்ல மேத்யூ புயல் வந்தப்ப டிஸ்னி பார்க்கையே மூடினாங்க, பேடில்ஃபிஷ் வேலை நடந்துட்டு இருந்த வருஷம் அது. அப்புறம் இது தீம் பார்க் ரிசார்ட், பகல்ல பக்கத்து கடையில ஆளுங்க ஐஸ்கிரீம் சாப்ட்டுட்டு இருக்கும்போது நீங்க கான்கிரீட் கட் பண்ண முடியாது. சத்தமான வேலை எல்லாம் கூட்டம் போனப்புறம் ராத்திரியில, லாரி விடியறதுக்குள்ள வெளிய. நைட் ஷிஃப்ட் கூலியை மொதல்லயே பட்ஜெட்ல போட்டுடுங்க, பின்னாடி போய் கேட்டா யாரும் தர மாட்டாங்க.

உடைக்கிறதுக்கு முன்னாடி குத்திப் பாருங்க

டிசைனர் வந்து கலர் போர்டு காட்டுறதுக்கு முன்னாடி நீங்க ஒரு ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கிட்டு தனியா ஒரு நாள் முழுக்க கப்பலை சுத்துங்க. எனக்கு இதை சொல்லிக் குடுத்தது ஒரு வயசான கார்பென்டர். நான் பாத்த இடத்துல வெளி வராண்டா கம்பம் ஒண்ணு, பெயின்ட் பளபளன்னு புதுசா இருந்துச்சு, அவர் அடிப்பாகத்துல ஸ்க்ரூ டிரைவரை வச்சு லேசாதான் அழுத்தினார், பிடி வரைக்கும் உள்ள போயிடுச்சு, வெளிய இழுத்தா டீத்தூள் மாதிரி கருப்பா ஈரமா மரத்தூள் ஒட்டிக்கிட்டு வருது, கூடவே கொஞ்சம் தண்ணி சொட்டுச்சு. அந்த கம்பம் மேல் டெக்கை தாங்கிட்டு இருக்குன்னு எல்லாரும் நெனச்சிட்டு இருந்தோம். உண்மையில பெயின்ட்தான் தாங்கிட்டு இருந்துச்சு.

குத்தவேண்டிய இடம்: கம்பத்தோட அடி, ரெயிலிங் கம்பம் டெக்குல எறங்குற இடம், ஜன்னல் கீழ்க்கட்டை, படிக்கட்டு ஓரப்பலகை, அப்புறம் அந்த சுருள் சுருளா வெட்டின அலங்கார மரவேலை இருக்கே, ரிவர்போட்னாலே வர்றது, அதோட பின்பக்கம். முன்பக்கம் பெயின்ட் அடிச்சிருப்பாங்க, பின்பக்கம் யாரும் அடிக்க மாட்டாங்க, ஈரம் அங்கதான் குடியிருக்கும். ஃப்ளோரிடான்னா கரையான் கட்டாயம் பாக்கணும், தட்டினா பொள்ளல் சத்தம் வர்ற இடத்துல சாக்பீஸ்ல ஒரு மார்க் போட்டுட்டே போங்க. நாள் முடிவுல கரையில நின்னு பாத்தா எந்தப் பக்கம் மார்க் அதிகமோ அந்தப் பக்கம்தான் மழைச்சாரல் அடிக்குற பக்கம்னு தானா தெரியும்.

கட்டின வருஷம் 1977ன்னா இன்னொண்ணு யோசிங்க. வீட்டு பெயின்ட்ல ஈயம் கலக்கக்கூடாதுன்னு அமெரிக்காவுல தடை வந்ததே 1978ல. அந்தக் காலத்து தரை டைல், பைப்பு மேல சுத்தின இன்சுலேஷன், கூரை சிமென்ட் இதுலயெல்லாம் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்பு உண்டு. ஆகவே பழைய கட்டடத்தை இடிக்கிறதுக்கு முன்னாடி லைசென்ஸ் உள்ள ஆளை வச்சு சர்வே எடுத்தே ஆகணும், இது ஆப்ஷன் இல்ல, சட்டம். நடுவுல ஒரு தடவ ரெனவேட் பண்ணியிருந்தாலும் அப்ப மேல மேல ஒட்டிட்டு போயிருப்பாங்க, பழைய லேயர் அடியில அப்படியே தூங்கிட்டு இருக்கும். ஒரு சுவத்துல மூணு தலைமுறை வால்பேப்பர் பாத்திருக்கேன், அது பாக்க அழகாத்தான் இருந்துச்சு.

மேல் டெக்கு, அதாவது பிரச்சனைகளோட தலைநகரம்

இப்ப எல்லாருக்கும் ரூஃப்டாப் பார் வேணும். பேடில்ஃபிஷ்லயும் மேல் மாடியில லவுஞ்ச் வச்சிருக்காங்க, சாயங்காலம் அங்க உக்காந்தா ஏரி முழுக்க தெரியும், பணம் கொட்டுற இடம், மறுக்கல. ஆனா உங்க கப்பலோட மேல் தளம் முன்னாடி வெறும் கூரையா இருந்துச்சுன்னா அது ஆளு ஏறி நிக்கிறதுக்கு கட்டினதே இல்ல. கூரைக்கு சாதாரணமா சதுர அடிக்கு 20 பவுண்ட் லோடு கணக்கு போட்டிருப்பாங்க, கூட்டம் கூடுற டெக்குக்கு 100 பவுண்ட் வேணும். அஞ்சு மடங்கு. இதை கான்ட்ராக்டர் வாயால சொல்லி முடிக்கிற விஷயம் இல்ல, ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் கணக்கு போட்டு கையெழுத்து போடணும், இரும்பு பீம் போடணும்னு சொன்னா போட்டுத்தான் ஆகணும், அந்த பீம் கீழ் தளத்து சீலிங் உயரத்தை தின்னும், ஏற்கனவே கப்பல் மாதிரி தெரியணும்னு உயரத்தை கம்மியா வச்சிருப்பாங்க, அதுக்குள்ள ஏசி டக்டும் போகணும் தீயணைக்கிற ஸ்பிரிங்க்ளர் பைப்பும் போகணும், அப்பதான் டிசைனருக்கும் இன்ஜினியருக்கும் சண்டை ஆரம்பிக்கும். அந்த சண்டையை பேப்பர்ல போட விடுங்க, சைட்ல போட விட்டா உங்களுக்கு நஷ்டம்.

அடுத்தது தண்ணி. தண்ணி கீழ எறங்காம இருக்க டெக்குல வாட்டர்ப்ரூஃப் ஷீட் விரிப்பாங்க. நான் பாத்த லீக்ல பத்துக்கு எட்டு, ஷீட்டு நடுவுல வராது, ரெயிலிங் கம்பம் ஷீட்டை ஓட்டை போட்டுட்டு கீழ எறங்குற இடத்துலதான் வரும். அதனால கம்பத்தை டெக்கு மேல நட்டு ஓட்டை போடாம, பக்கவாட்டுல இருந்து போல்ட் போட்டு நிறுத்த முடியுமான்னு மொதல்ல பாருங்க. முடியலன்னா ஒவ்வொரு கம்பத்துக்கும் ஒரு சின்ன மேடை கட்டி அது மேல ஷீட்டை ஏத்தி மூடணும். டைல் ஒட்டுறதுக்கு முன்னாடி வடிகாலை அடைச்சு ரெண்டு இன்ச் தண்ணி கட்டி 24 மணி நேரம் விடுங்க, கீழ ஒரு ஆளை டார்ச்சோட நிக்க வைங்க. தண்ணி எடைக்கும் சேத்து இன்ஜினியர்கிட்ட கேட்டுட்டு கட்டுங்க, இல்லன்னா டெஸ்ட்டே விபத்தாயிடும்.

ஸ்க்ரூ, போல்ட் எல்லாம் ஸ்டெயின்லெஸ். அலுமினியம் ரெயிலிங்குக்கு சாதாரண இரும்பு ஸ்க்ரூ போட்டா ரெண்டு உலோகமும் ஈரத்துல சண்டை போட்டு ஒண்ணு ஒண்ணை அரிச்சிடும், ஸ்டெயின்லெஸ் போட்டாலும் நடுவுல நைலான் வாஷர் வைங்க. அலங்கார மரவேலைக்கு நிஜ மரமே வேணும்னு அடம்பிடிக்காதீங்க. கைக்கு எட்டாத உயரத்துல இருக்குற சுருளுக்கு பிவிசி பலகையில வெட்டி பெயின்ட் அடிச்சா அஞ்சடி தூரத்துல எவனுக்கும் தெரியாது. கை படுற இடம், அதாவது ரெயிலிங் மேல் கட்டை, கதவு கைப்பிடி, பார் கவுன்ட்டர், இங்க மட்டும் நல்ல மரம் போடுங்க. காசு அங்கதான் பேசும்.

கிச்சனுக்கு கப்பல்னு தெரியாது

கிச்சனை கடைசியா யோசிக்கிற டிசைனரை நான் நெறைய பாத்துட்டேன். ரிவர்போட் ரெஸ்டாரண்ட்ல பெரும்பாலும் கடல் உணவு, நண்டு, இறால்னு போகும், அதாவது கொதிக்கிற தண்ணி, நீராவி. அடுப்புக்கு மேல இருக்குற ஹூட் வெளிய இழுக்குற காத்துக்கு சமமா உள்ள காத்து வரலன்னா கதவை தொறக்க முடியாது, டைனிங் ஹால் ஜன்னல் எல்லாம் வேர்க்கும், புது வால்பேப்பர் ஆறு மாசத்துல உரியும்.

இங்கதான் ரிவர்போட் உங்களுக்கு ஒரு பரிசு குடுக்குது. அந்த ரெண்டு உயரமான புகைபோக்கி. மிசிசிப்பி ஆத்துக்காரங்க அதை சிம்னின்னுதான் சொல்லுவாங்க, விறகு எரிஞ்சு வர்ற தீப்பொறி டெக்குல விழுந்து கப்பலே எரிஞ்சிடக்கூடாதுன்னுதான் அவ்வளவு உயரமா வச்சாங்க, பாய்லருக்கு காத்திழுப்பும் நல்லா இருக்கும். உங்க போலி சிம்னிக்குள்ள கிச்சன் எக்ஸாஸ்ட் டக்டை விட்டா மேல அசிங்கமா தகரப்பெட்டி தெரியாது, கூடவே சமையல் ஆவி சிம்னியில இருந்து வரும்போது நெஜமாவே கப்பல் ஓடுற மாதிரி இருக்கும். ஆனா கவனம்: கிரீஸ் டக்ட், அதாவது எண்ணெய்ப்பிசுக்கோட புகை போற அந்த குழாய், வெல்டு பண்ணின ஸ்டீல்ல இருக்கணும், எரியுற பொருள்ல இருந்து 18 இன்ச் தள்ளி இருக்கணும், இல்லன்னா அதுக்குன்னு அங்கீகாரம் உள்ள உறை சுத்தணும், வெளிய விடுற வாய் கூரைக்கு 40 இன்ச்சாவது மேல, காத்து உள்ள எடுக்குற இடத்துல இருந்து 10 அடி தள்ளி. ரெண்டாவது சிம்னியில உள்ள வர்ற காத்தை எடுத்துடலாமேன்னு ஆசை வரும், ரெண்டுக்கும் நடுவுல எத்தன அடின்னு அளந்துட்டு ஆசைப்படுங்க. சுத்தம் பண்ண ஆள் கை விடுற அளவுக்கு சிம்னியில கதவு வேணும். மேல ரூஃப்டாப் பார் இருந்தா எந்தப் பக்கம் காத்து அடிக்குதுன்னும் பாத்துக்கோங்க, காக்டெயில் குடிக்கிறவன் மேல வறுத்த இறால் வாசம் அடிச்சா ஒரு தடவ நல்லா இருக்கும், ஒரு மணி நேரம் அடிச்சா எழுந்து போயிடுவான். புயல் காத்துக்கு அந்த சிம்னி பாய்மரம் மாதிரி, அதைப் பிடிச்சு நிறுத்துற கணக்கும் இன்ஜினியர் வேலை.

தரை விஷயத்துல நான் வாங்கின அடியை சொல்றேன். எங்க இடத்துல பாத்திரம் கழுவுற ரூம் ரெண்டாவது தளத்துல, அதுக்கு நேர் கீழ டைனிங். தரைக்கு அடியில வாட்டர்ப்ரூஃப் ஷீட் போட்டோம், சுவத்துல ஆறு இன்ச் ஏத்தினோம், வடிகாலை நோக்கி அடிக்கு கால் இன்ச் சரிவு குடுத்தோம், எல்லாம் கரெக்ட். கதவு வாசப்படியில மட்டும் ஷீட்டை டைல் ஓரத்தோட நிறுத்திட்டாங்க, நானும் பாத்தேன், பரவாயில்லன்னு விட்டுட்டேன். தொறந்த ரெண்டாவது சனிக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு கீழ ஒரு டேபிள்ல பிறந்தநாள் கேக்கு வெட்டிட்டு இருக்காங்க, சீலிங் லைட்டுக்கு பக்கத்துல ஒரு பழுப்பு வட்டம், அது மெதுவா பெருசாகி ஒரு சொட்டு, அப்புறம் கேக்கு மேலயே. சோப்பு வாசம் வேற. அந்த வாசப்படி மூணடி அகலம், அன்னைக்கு ஒரு மணி நேரம் அதிகமா செலவு பண்ணியிருந்தா போதும். பண்ணல. நாலு நாள் அந்தப் பகுதியை மூடி தரையை மறுபடி பேத்தோம்.

கழிவுத்தண்ணியில இருந்து எண்ணெய்ப்பிசுக்கை பிடிச்சு வைக்கிற தொட்டியை, அதாவது கிரீஸ் டிராப்பை, கப்பல்ல வைக்காம கரையில பொதைச்சிடுங்க, லாரி வந்து உறிஞ்சிட்டு போக வசதி. கழிவுத்தண்ணி பைப் கரைக்கு சரிவா போகலன்னா பம்ப் வேணும், பம்ப்னா ரெண்டு, ஒண்ணு மக்கர் பண்ணினா இன்னொண்ணு, அலாரமும் வேணும், கீழ ஏரி இருக்குன்னு மறந்துடாதீங்க. மூணு தளத்துக்கும் சாப்பாடு ஏத்த சின்ன சர்வீஸ் லிஃப்ட் போட்டா சர்வர்களோட முழங்கால் உங்களை வாழ்த்தும். வாக்-இன் கூலர் 41 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு கீழ, சூடா வச்சிருக்குறது 135க்கு மேல, கிச்சன்ல இருந்து டேபிளுக்கு எவ்வளவு தூரம்னு நடந்து பாத்து அதுக்கப்புறம் எங்க பாஸ், அதாவது தயாரான தட்டை சர்வர் எடுத்துட்டு போற மேடை, வைக்கிறதுன்னு முடிவு பண்ணுங்க.

ஆளு ஏறணும், அதைவிட முக்கியம் எறங்கணும்

கப்பல்னா ஒரு பலகை வழியா ஏறணும்னு எல்லாருக்கும் ஒரு கனவு. அழகுதான். ஆனா வீல்சேர் ஏற ராம்ப்ல ஒரு இன்ச் உயரத்துக்கு 12 இன்ச் நீளம் வேணும், கரைக்கும் டெக்குக்கும் ரெண்டடி உயரம்னா 24 அடி ராம்ப், மேலயும் கீழயும் சமதளம் தனி. அதனால அந்த பலகைப் பாலத்தையே ராம்ப்பா பண்ணிடுங்க, வீல்சேர்ல வர்றவங்களுக்கு தனியா குப்பைத்தொட்டி பக்கமா ஒரு வழி வைக்காதீங்க, எல்லாரும் ஒரே பாலத்துல கப்பலுக்குள்ள நுழையட்டும். மேல் டெக்குக்கு லிஃப்ட் கட்டாயம். சீட்டுல நூத்துக்கு அஞ்சாவது வீல்சேர் போற மாதிரி டேபிள், அதையும் ஒரே மூலையில குமிச்சு வைக்காம ஜன்னல் ஓரத்துலயும் வைங்க.

தீ பிடிச்சா? கப்பல் மாதிரி ஒரே ஒரு பாலம் வச்சிருந்தா அத்தன பேரும் அங்கதான் ஓடுவாங்க. டேபிள் சேர் போட்ட இடத்துக்கு ஆளுக்கு 15 சதுர அடின்னு கணக்கு, அப்படின்னா 3,000 சதுர அடி டைனிங்னா 200 பேர். பின்பக்கம் சக்கரத்துகிட்ட இன்னொரு பாலம் கரைக்கு போட்டே ஆகணும், அதை சரக்கு ஏத்துற பாலம் மாதிரி டிசைன் பண்ணினா தீமுக்கும் பொருந்தும், தினமும் காய்கறி வர்றதுக்கும் ஆச்சு.

ரெயிலிங் இன்னொரு வில்லங்கம். பழைய ரிவர்போட் ரெயிலிங் தாழ்வா, சுருள் சுருளா பெரிய ஓட்டையோட இருக்கும். இன்னைய ரூல்படி 42 இன்ச் உயரம், நாலு இன்ச் உருண்டை உள்ள போகக்கூடாது. இன்ஸ்பெக்டர் நெஜமாவே பையில இருந்து ஒரு பந்தை எடுப்பார். எங்களுக்கு வந்தவர் வரிசையா அறுபது எழுபது ஓட்டையில வச்சு வச்சு பாத்துட்டே போனார், கடைசி மூலையில ஒண்ணுல பந்து புளுக்குன்னு உள்ள போயி ஏரியில விழுந்துடுச்சு. "இப்ப புரியுதா"ன்னார். பழைய அலங்கார ரெயிலிங்கை காப்பாத்தணும்னா அதுக்கு பின்னாடி உள்பக்கமா கண்ணாடி போடுங்க, வெளிய இருந்து பாக்குறவனுக்கு சுருள் தெரியும், உள்ள இருக்குற குழந்தை பத்திரம்.

சக்கரம்

இதை பத்தி பேசத்தான் இவ்வளவும் எழுதுனேன்னு வச்சுக்கோங்களேன். எம்ப்ரஸ் லில்லிக்கு பின்னாடி சிவப்பா பெரிய சக்கரம் இருந்துச்சு, மேல சிம்னி இருந்துச்சு. 90கள்ல ரெண்டையும் கழட்டிட்டாங்க. ஃபுல்டன்ஸ் காலம் முழுக்க அது சக்கரம் இல்லாத ரிவர்போட். ராபர்ட் ஃபுல்டன்னா 1807ல ஹட்சன் ஆத்துல நீராவிப்படகை ஓட்டிக் காட்டினவர், அவர் பேரை வச்சுட்டு சக்கரத்தை எடுத்தது எனக்கு இன்னைக்கு வரைக்கும் ஜீரணம் ஆகல. 2017ல பேடில்ஃபிஷ் ஆகும்போது சுத்துற சக்கரம் திரும்ப வந்துச்சு. உள்ள எல்லாம் விக்டோரியா காலத்து ஜிகினா எதுவும் கிடையாது, மாடர்ன் லுக்தான், ஆனா வெளிய சக்கரம் சுத்துது, ஜனங்க நின்னு ஃபோட்டோ எடுக்குறாங்க. எனக்கு இது சரியான முடிவுன்னு தோணுது. உள் அலங்காரத்தை பத்து வருஷத்துக்கு ஒரு தடவ மாத்திக்கலாம், ஆனா கரையில இருந்து பாக்குறப்ப அது கப்பல்னு சொல்றது ரெண்டே விஷயம், சக்கரமும் சிம்னியும். அதுல கைய வைக்காதீங்க.

சக்கரம் போடும்போது: நிஜ கப்பல்ல சக்கரம் தண்ணியைத் தள்ளி கப்பலை நகர்த்தும். உங்க கப்பல் நகராது, ஆக சக்கரம் ஆழமா முங்கினா மோட்டருக்கு வீண் பாரம், கூடவே தண்ணியை வாரி பின் ஜன்னல்ல அடிக்கும். ஏரித்தண்ணி காய்ஞ்சா கண்ணாடியில வெள்ளைத்திட்டு, அப்புறம் பச்சைப்பாசி. பலகையோட நுனி மட்டும் தண்ணியை தொடுற மாதிரி வைங்க, ஏரி மட்டம் ஏறி எறங்குற இடம்னா அந்த வருஷத்து அதிகபட்ச மட்டத்தை கேட்டு வச்சுக்கோங்க. ரெண்டு மூணு சுத்துக்கு மேல ஒரு நிமிஷத்துல சுத்த வேணாம், மெதுவா சுத்தினாத்தான் கம்பீரம், வேகமா சுத்தினா ராட்டினம். சட்டம் ஸ்டீல்ல பண்ணி கால்வனைஸ் பண்ணுங்க, பலகையை மட்டும் ஒவ்வொண்ணா கழட்டி மாத்துற மாதிரி போல்ட் போடுங்க, மாத்து பலகை பத்து முன்கூட்டியே பெயின்ட் அடிச்சு ஸ்டோர்ல வைங்க. ஆத்துக்காரங்க அந்த பலகைக்கு 'பக்கெட்'னு பேர் வச்சிருக்காங்க, ஏன்னு கேட்டா ஆளுக்கொரு கதை சொல்லுவாங்க. பேரிங்குக்கு தண்ணியில விழுந்தாலும் மீனுக்கு கெடுதல் பண்ணாத கிரீஸ். மோட்டர், தண்ணிக்கிட்ட இருக்குற லைட்டு எல்லாத்துக்கும் மின்கசிவு வந்தா உடனே கட் ஆகுற பிரேக்கர், இதுல மட்டும் பேரம் பேசாதீங்க, தண்ணியில கரண்ட் எறங்கினா கண்ணுக்கு தெரியாது. சுத்தம் பண்ண ஆள் எறங்கும்போது ஸ்விட்சுக்கு பூட்டு போட்டு சாவி அவர் பாக்கெட்டுல இருக்கணும்.

எல்லாத்தையும் விட முக்கியம், இந்த சக்கரம் யாரோட பொறுப்புன்னு லீஸ் பேப்பர்லயே எழுதுங்க. ரிசார்ட்டுதா, ரெஸ்டாரண்ட் நடத்துறவருதா? எழுதலன்னா ஒரு நாள் நின்னுடும், ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துட்டு இருப்பாங்க, ரெண்டு வருஷத்துல "எடுத்துடலாமே"ன்னு ஒரு மீட்டிங்ல ஒருத்தர் சொல்லுவார்.

உள்ள எவ்வளவு கப்பல் வேணும்னா, என் கணக்கு கம்மிதான். ஒவ்வொரு டேபிள் மேலயும் நங்கூரம், வலை, லைஃப் டியூப் தொங்க விட்டா தூசி சேரும், துடைக்க ஆள் வேணும். அதுக்கு பதிலா தளத்துக்கு ஆத்துக்காரங்க வச்ச பேரை வைங்க: கீழ மெயின் டெக், அதுக்கு மேல பாய்லர் டெக் (பாய்லர் அங்க இருக்காது, அதுக்கு கீழதான் இருக்கும், அதான் தமாஷ்), அதுக்கு மேல ஹரிகேன் டெக், அதிகாரிங்க ரூம் இருக்குற அடுக்குக்கு டெக்சஸ், உச்சியில மாலுமி நிக்கிற பைலட் ஹவுஸ். அந்த பைலட் ஹவுஸை ஸ்டோர் ரூம் ஆக்கிடாதீங்க, எட்டு பேர் உக்கார்ற ஒரு டேபிள் போட்டு தனியா புக் பண்ண விடுங்க, அந்த ஒரு டேபிளுக்குத்தான் ஃபோன் அடிச்சுட்டே இருப்பாங்க. லைட்டு மஞ்சளா, 2700 கெல்வின், டெக்கு ஓரம் முழுக்க சின்ன பல்பு வரிசை. அதை செட் பண்ணும்போது கப்பல்ல நின்னு பாக்காதீங்க, ராத்திரி ஏரிக்கு அந்தப் பக்கம் போய் நின்னு தண்ணியில எப்படி தெரியுதுன்னு பாத்து மங்கலாக்குங்க. கப்பல்ல நிக்கிறவனுக்கு சரியா இருக்குற வெளிச்சம், எதிர்க்கரையில இருந்து பாத்தா பெட்ரோல் பங்க் மாதிரி இருக்கும்.

தொறக்குறதுக்கு முன்னாடி மூணு ராத்திரி பாதி கூட்டத்தோட ஓட்டிப் பாருங்க, வேலைக்காரங்க குடும்பத்தையே கூப்பிடலாம், எல்லா டாப்பையும் ஒரே நேரத்துல தொறந்து விடுங்க, எல்லா அடுப்பையும் பத்த வைங்க, லிஃப்டை நிறுத்திட்டு ஒரு ஃபயர் டிரில் நடத்துங்க.

கடைசியா ஒண்ணு. எந்த பைப் எங்க போகுது, எந்த பீம் புதுசு, பெயின்ட் கோடு நம்பர் என்ன, சக்கரத்து பலகையோட அளவு எல்லாத்தையும் ஒரு பிளாஸ்டிக் டப்பால போட்டு எலக்ட்ரிக்கல் ரூம் கதவுக்கு பின்னாடி மாட்டி வைங்க. நான் வேலைக்கு போன இடத்துல அப்படி ஒண்ணும் இல்ல, எங்களுக்கு முன்னாடி பண்ணினவங்க சீலிங் மேல பென்சில்ல "இங்க தோண்டாதே"ன்னு மட்டும் எழுதி வச்சிருந்தாங்க. எதுக்குன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. நாங்களும் தோண்டல.